பன்னிரண்டாம் காட்சியில் பல் இருக்கிறது

என் வேலை, எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்வது.
ஒரு மடக்கு நாற்காலி, கழுத்தில் ஸ்டாப்வாட்ச்,
காதில் செருகிய பென்சில்.
செவ்வாய்க்கிழமை கதவைத் தள்ளிய கைதான்
வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வெளிவர வேண்டும்.
ஜாம் புட்டியில் எத்தனை விரற்கடை ஜாம்,
ஹிலாரிக்கு எந்த முழங்காலில் சிராய்ப்பு,
வில்லனின் தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்தது,
எல்லாம் என் நோட்டில் இருக்கும்.
கன்டினியூட்டி மிஸ் டாஸ்கர் வருகிறாள் என்றால்
லைட் பையன்கள் சிகரெட்டைக்கூடப் பாதியில் அணைக்கமாட்டார்கள்,
எழுதிவிடுவேனோ என்று.

ஐம்பத்து நான்கு, ஜூலை. நார்ஃபோக் சதுப்பு நிலம்.
ஒன்பது நாளில் ஏழு நாள் மழை.
கதை என்ன பெரிய கதை:
மூன்று பிள்ளைகளும் ஒரு பெருவாத்தும்
ஓட்டை தீயணைப்பு வண்டியில் ஏறிக்கொண்டு
கள்ளநோட்டுக் கும்பலைத் துரத்துகிறார்கள்.
பெரியவர்கள் ஒருவரும் நம்புவதில்லை.
கடைசியில் எல்லோருக்கும் ஐஸ்கிரீம்.
படத்தின் பெயர் மூன்று தடவை மாறியது.
வாத்தின் பெயர் மாறவில்லை. பிஷப்.
வில்லனைக் கடிக்கச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள்,
அது பணம் போட்டவரைக் கடித்தது.

வில்லன் கார்சைட் பரம சாது.
ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே
பிறக்கப்போகும் பிள்ளைக்கு மஞ்சள் காலுறை பின்னுவார்,
கூப்பிட்டால் ஊசிகளைப் பத்திரமாகக் குத்திவைத்துவிட்டு
எழுந்துபோய்ச் சேற்றில் தலைகுப்புற விழுவார்.
கோட்டு மூன்று. டேக் நான்கு.
நான்காவதில் அவர் தன் சொந்தக் கோட்டோடு விழுந்தார்.

லெஸ்டர் பிம், வயது எட்டு, டெப்ட்ஃபோர்டுப் பையன்.
மாட்டை முதன்முதலாகப் பார்த்து
'இதை யார் உள்ளே விட்டது?' என்றவன்.
பன்னிரண்டாம் காட்சி: காவல் நிலையத்து வாசல்,
கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறான், பல் தெரியச் சிரித்து.
ஒரே டேக்கில் ஓகே.
விடுதிக்காரம்மா மெச்சி ஒரு டாஃபி கொடுத்தாள்.
பல் டாஃபியோடு போனது.

பதின்மூன்றாம் காட்சி, கதவுக்கு உள்ளே.
மழையென்று சர்ச் ஹாலில் அட்டைச் சுவர் நிறுத்தியிருந்தோம்.
எழுதிக்கொடுத்த வசனம்:
'சார்ஜென்ட், சத்தியமாச் சொல்றேன், சாக்குக்குள்ள சவரன்!'
வந்த வசனம்:
'தார்தென்ட், தத்தியமாத் தொல்றேன்…'
பல் போனால் சொல் போச்சு.
சார்ஜென்டாக நடித்தவர் மேஜைக்கு அடியில் போனார், சிரிக்க.

மேக்கப் ஈனிட் மெழுகில் ஒரு பல் செய்தாள்.
விழுங்கிவிட்டான்.
பெப்பர்மின்டில் ஒன்று.
அது கரைந்தது, அவன் அவசரப்படவில்லை.
மூன்றாவதைப் பிஷப் எடுத்துக்கொண்டு
பலிபீடப் பக்கம் போய்விட்டது.

தீயணைப்பு வண்டியைச் சனிக்கிழமை திருப்பித் தர வேண்டும்.
டைரக்டர் தர்லோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
'மிஸ் டாஸ்கர், பல் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.'
பதினொரு வருஷ சர்வீஸில்
நான் பொய் எழுதியதில்லை.
'பல்: இல்லை' என்று எழுதி, அடியில் கோடு போட்டேன்.
அப்படியே எடுத்தார்கள்.

மார்ச் மாதம், சனிக்கிழமை காலை, டெப்ட்ஃபோர்டுத் தியேட்டர்.
டிக்கெட் ஆறு பென்ஸ். கடைசி வரிசையில் நான்.
முன்னால் எழுநூறு பிள்ளைகள், எழுநூறு ஆரஞ்சுத் தோல்.
லெஸ்டர் திரையில் கதவைத் தள்ளினான், பல்லோடு.
உள்ளே வந்தான், பல் இல்லாமல்.
அரை நொடி அமைதி.
பிறகு கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி:
'பல் எங்கே? பல் எங்கே?'
காலால் தரையை உதைத்து, தாளம் போட்டு.
கள்ளநோட்டை யாரும் கவனிக்கவில்லை.
நாற்காலிக்குள் நான் சுருங்கிக்கொண்டே போனேன்.

அப்போது ஐந்தாம் வரிசையில்
ஒருவன் இருக்கைமேல் ஏறி நின்றான்.
புரொஜெக்டர் ஒளி முகத்தில் விழ, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி,
வாயை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக் காட்டினான்.

பென்சில் எப்படிக் கைக்கு வந்தது, தெரியாது.
டிக்கெட்டின் பின்னால் எழுதியிருக்கிறேன்:
மேல் வரிசை, இடப்பக்கம், பாதி.